பேயைக் காட்டாத தொண்ணூறு நொடி

சத்யஜித் ராயின் ‘கூபி காயேன் பாகா பாயேன்’ 1969-இல் வெளிவந்தது. அதில் நள்ளிரவுக் காட்டில் பேய்கள் கூட்டமாக வந்து ஆறு நிமிடத்துக்கு மேல் ஆடுகின்றன. அரசர்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரத் துரைகள், தொந்தி பெருத்தவர்கள் என நான்கு வகைப் பேய்கள். அந்த ஆட்டத்துக்கு ராய் வைத்த இசையில் பாட்டு இல்லை, ராகமும் இல்லை. அரசர்களுக்கு மிருதங்கம், குடியானவர்களுக்குக் கஞ்சிரா, துரைகளுக்குக் கடம், தொந்திக்காரர்களுக்கு மோர்சிங். வங்காளக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த பேய்க்காட்சி நம் ஊர்த் தாளவாத்தியக் கச்சேரியில்தான் ஓடுகிறது.

அந்தப் படத்தை எடுத்த காலத்தில் ராய் குடியிருந்தது தெற்குக் கொல்கத்தாவின் லேக் டெம்பிள் சாலையில். அங்கிருந்து ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றிக்கொண்டு பட்ஜ்பட்ஜ் ரயில் பாதையைத் தாண்டினால் லேக் கார்டன்ஸ். பக்கத்திலேயே டாலிகஞ்ச் ஸ்டுடியோக்கள். கொஞ்சம் வடக்கே போனால், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட். சென்னையில் பேசும்படத்துக்கு வசதி போதாத நாளில் தமிழ் சினிமா இந்த நகரத்துக்கும் வந்து படம் எடுத்தது. 1933-இன் ‘வள்ளி திருமணம்’ கல்கத்தாவில் உருவானது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’யும் (1937) அப்படியே.

ஆகவே லேக் கார்டன்ஸில் ஒரு தமிழ்ப் பிள்ளை கையில் போனை எடுத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு பேய்ப்பட டிரெய்லர் எடுக்கப்போகிறேன் என்று கிளம்பினால் அதற்கு வேண்டிய சரக்கு நடந்துபோகும் தூரத்திலேயே கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ளத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

விளைவு கண்முன்னே இருக்கிறது. மாணவர்கள் எடுத்து வெளியிடும் பேய் டிரெய்லர்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. இருண்ட நடை, தானாகத் திறக்கும் கதவு, தலைவிரி கோலத்தில் வெள்ளை உடைப் பெண், படீரென்று ஒரு சத்தம், கேமராவை நோக்கிப் பாயும் முகம், கறுப்புத் திரை, படத்தின் பெயர். எடுத்தவர்களைக் குறைசொல்ல முடியாது, திரையரங்கில் அவர்கள் பார்த்ததும் இதைத்தான். ஒவ்வொரு உத்தியும் எங்கிருந்து வந்தது, எதனால் பயமுறுத்துகிறது, எந்த இடத்தில் தேய்ந்துபோனது என்று பிரித்துப் பார்க்கப் பழக்கியிருந்தால் அவர்கள் கையிலிருந்து வேறு படம் வந்திருக்கும். அப்படிப் பழக்குவதற்குப் பேய்ப்பட டிரெய்லரைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. நட்சத்திரம் வேண்டாம், வெளிச்சம் அதிகம் வேண்டாம், முழுக்கதைகூட வேண்டாம். பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியை நட்டுவிட்டால் போதும்.

முதல் பாடம் எடிட்டிங்கில் இருக்கிறது. 2005-இல் நியூயார்க்கில் ராபர்ட் ரயாங் என்ற உதவி எடிட்டர் ஒரு போட்டிக்காக ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ காட்சிகளை வைத்தே ஒரு டிரெய்லர் வெட்டினார். பெண்டாட்டி பிள்ளையைக் கோடரியோடு துரத்தும் ஒருவனின் கதை, அவர் கையில் அப்பாவும் மகனும் நெருங்கிவரும் இதமான குடும்பப் படமாகிவிட்டது. மறு ஆண்டு கிறிஸ்டோபர் ரூல் என்பவர் தலைகீழாகச் செய்தார். ‘மேரி பாப்பின்ஸ்’ என்ற குழந்தைகள் படத்தின் ஆயா அவர் டிரெய்லரில் குலைநடுங்க வைத்தாள். இரண்டு பேரும் ஒரு ஷாட்கூடப் புதிதாக எடுக்கவில்லை. காட்சிகளின் வரிசையும் வெட்டும் இடமும் பின்னால் வரும் ஒலியும்தான் மாறின.

இதைச் செய்துபார்க்கப் பிறர் படத்தில் கைவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் ஒரு காதுகுத்து வீடியோ இல்லாமலா போகும்? அத்தை கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தை எடுத்து வேகத்தைப் பாதியாகக் குறைக்கட்டும். நாதஸ்வரத்தை நீக்கிவிட்டு மின்விசிறியின் முனகலை மட்டும் வைக்கட்டும். அடுத்து, காலி நாற்காலிகள் கிடக்கும் மண்டபத்தின் ஒரு ஷாட். பிறகு மறுபடியும் அத்தை, அதே சிரிப்பு, இம்முறை இன்னும் கொஞ்சம் நீளமாக. அத்தை மாறவில்லை, பார்க்கிறவர் மாறிவிட்டார். பேய்ப்படத்தின் பாதி இலக்கணம் ஒரு மத்தியான நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

மறுபாதி, எதைக் காட்டாமல் வைப்பது என்பது. ஹிட்ச்காக் ‘சைக்கோ’வுக்கு (1960) எடுத்த டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். படத்தின் காட்சிகளைக் கோத்துக் காட்டாமல் அவரே அந்த விடுதியையும் பின்னாலிருக்கும் வீட்டையும் சுற்றிக்காட்டுகிறார். இங்கேதான் நடந்தது என்று தொடங்கி, சொல்லவந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்கிறார், ஓர் அலறல், அவ்வளவுதான். அலறுவது படத்தில் அங்கே கொல்லப்படும் ஜேனட் லீ அல்ல, இன்னொரு நடிகையான வேரா மைல்ஸ். யார் சாகப்போகிறார் என்பதைக்கூட டிரெய்லர் விட்டுக்கொடுக்கவில்லை. ‘தி ஷைனிங்’ டிரெய்லர் (1980) இன்னும் பிடிவாதமானது. அசையாத ஒரே ஷாட். மூடிய லிஃப்ட் கதவுகள், எழுத்துகள் மேலே ஏறிப்போகின்றன, இசை இறுகிக்கொண்டே வருகிறது, கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. கதாநாயகன் முகமே இல்லை. இன்றைக்கு ஒரு தயாரிப்பாளரிடம் இப்படி ஒன்றைக் கொண்டுபோனால் ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகமே. போனில் எடுக்கும் பிள்ளைக்குத் தயாரிப்பாளர் இல்லை. அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு ஏன் மற்றவர்களைப்போலவே எடுக்கவேண்டும்?

ராய் இந்த அடக்கத்தை வங்காள வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தவர். தாகூர் நூற்றாண்டான 1961-இல் அவர் எடுத்த ‘தீன் கன்யா’வின் மூன்று கதைகளில் ஒன்று ‘மணிஹாரா’. நகைமேல் பித்துப்பிடித்த மனைவி, அவள் காணாமல் போவது, அவளுக்காக நகையோடு வீடு திரும்பும் கணவன். பெரிய மாளிகை, அடைசலான சாமான்கள், இரவின் சத்தங்கள் என்று நெடுநேரம் காத்திருக்க வைத்துவிட்டு, கடைசியில் நகைப்பெட்டியை நோக்கி நீளும் எலும்புக் கையைக் காட்டுகிறார். உருவத்தைக் காட்டிவிடலாம் என்ற ஆசை வரும்போதெல்லாம் டிரெய்லர் எடுப்பவர் அந்தக் கையை நினைத்துக்கொள்வது நல்லது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். பயம் முதலில் ஏறுவது காது வழியாகத்தான். இன்று எல்லா டிரெய்லரிலும் வரும் அந்தப் ‘படீர்’ சத்தத்துக்கு ஒரு கௌரவமான மூதாதை உண்டு. 1942-இல் வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் ஆளற்ற சாலையில் நடக்கிறாள். பின்னால் இன்னொரு காலடி கேட்கிறது, நின்றுவிடுகிறது. அவள் வேகம் கூட்டுகிறாள். எங்கிருந்தோ சிறுத்தை சீறுவதுபோல ஒரு சத்தம். பதறிப் பார்த்தால் பேருந்து வந்து நிற்கிறது, சீறியது அதன் பிரேக். அந்தச் சத்தம் வேலை செய்ததற்குக் காரணம் அதற்கு முன்னால் இருந்த நீண்ட அமைதி. பின்வந்தவர்கள் சத்தத்தை எடுத்துக்கொண்டு அமைதியை விட்டுவிட்டார்கள். பத்து நொடிக்கொரு தடவை அதிரும் டிரெய்லரில் மூன்றாவது அதிர்வுக்குமேல் யாரும் திடுக்கிடுவதில்லை.

கொல்கத்தாக்காரர்களுக்கு இது புதிய சேதி அல்ல. மிர்ச்சி வானொலியின் ‘சண்டே சஸ்பென்ஸ்’ 2009 முதல் வங்காளத்தின் திகில், துப்பறியும் கதைகளைக் குரலாலும் ஒலியாலும் மட்டுமே சொல்லிவருகிறது. விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இந்த நகரத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால், பாட்டிகள் சொன்ன ‘நிஷி’ இருந்தது. நிஷி இரவில் வரும் பேய். தெரிந்தவர், பிரியமானவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். இரண்டு தடவைக்குமேல் அதனால் கூப்பிட முடியாது. அதனால் ராத்திரியில் யார் அழைத்தாலும் மூன்றாவது குரல் கேட்ட பிறகே பதில் சொல்லவேண்டும் என்பது வங்காள நம்பிக்கை. ஒரு டிரெய்லருக்கு இதைவிடக் கச்சிதமான கட்டுமானம் எந்த ஹாலிவுட் எடிட்டரும் தரமுடியாது. முதல் அழைப்பு, மௌனம். இரண்டாவது அழைப்பு, அதைவிட நீண்ட மௌனம். அங்கேயே திரை கறுத்துவிட வேண்டும். மூன்றாவது குரல் வருமா என்று அரங்கம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

‘ஸ்திரீ’ (2018) இந்தி வட்டாரத்தில் வெற்றிபெற்றதும் இதுபோல ஊர்நம்பிக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டதால்தான். வீட்டுச் சுவரில் நாளைக்கு வா என்று எழுதிவைத்துப் பேயைத் திருப்பியனுப்பும் வழக்கம் அதில் கதையின் முதுகெலும்பு.

அடுத்தது இடம். பேய்ப்படம் என்றால் பாழடைந்த பங்களா என்ற பிடிமானத்தைத் தமிழில் 2009-ஆம் ஆண்டிலேயே உடைத்துவிட்டார்கள். விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’ நடப்பது புத்தம்புது அடுக்குமாடி வீட்டில். கதாநாயகன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது, வீட்டில் பால் திரிந்துபோகும், தொலைக்காட்சித் தொடரில் தங்கள் வீட்டுக் கதையே ஓடும். அதே ஆண்டு அறிவழகனின் ‘ஈரம்’ குழாய்த் தண்ணீரையும் நனைந்த தரையையும் மழையையும் வைத்தே அச்சமூட்டியது. இரண்டு படமும் கையாண்டவை எல்லா வீட்டிலும் இருக்கும் பொருட்கள். லேக் கார்டன்ஸில் பழைய இரண்டு மாடி வீடுகள் இடிந்து ஃபிளாட்டுகளாக எழுகின்றன. சிவப்புத் தரையும் பச்சை மரச் சன்னலுமாக ஒரு வீடு, அதன் தோள்மேல் ஏறி நிற்கும் புதுக் கட்டடம். இடிபட்ட வீட்டில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி இந்தத் தெருக்களில் உண்மையாகவே இருக்கிறது. ஏரியோடு வளர்ந்த பிள்ளைக்கு ‘ஈரம்’ காட்டிய வழி இன்னும் பொருத்தம். அந்தி நேரத்தில் சங்கொலி, நள்ளிரவில் கடைசி ரயிலின் ஹார்ன், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் ஓசை, இவை கிடைக்கும் தெருவில் வாடகை இசை எதற்கு?

இனி, மரபு என்ற பெயரில் சுமந்துகொண்டு திரிய வேண்டாத ஒன்று. வெள்ளைப் புடவைப் பேய். ஒரு பெண்ணைக் கொடுமைப்படுத்திக் கொன்று, அவளையே அசிங்கமாக்கிக் காட்டி, பார்வையாளரை அவளைக் கண்டு அலறவைப்பது இந்தியப் பேய்ப்படத்தின் பழைய பழக்கம். இடைவேளைக்குப் பின் அவள் கதை வரும், நியாயம் கிடைக்கும். டிரெய்லரில் அந்தப் பாதி வராது, அருவருப்பு மட்டும் மிஞ்சும். அதைத் திருப்பிப்போட்டவர்களும் இருக்கிறார்கள். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) தன் சாவுக்குக் காரணமானவனிடம் பரிவு காட்டும் பேயை வைத்தது. அன்விதா தத்தின் ‘புல்புல்’ (2020) பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில், சூனியக்காரி என்று ஊர் நடுங்கும் பெண்ணின் பக்கம் நின்றே கதை சொன்னது. முகத்தில் தழும்பு, வளைந்த கால், மனநோய் இவற்றைப் பயத்தின் அடையாளமாக வைப்பதும் இதே வகைத் தவறு. அந்த முகத்தோடும் அந்த நோயோடும் வாழ்கிறவர்கள் அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இளையவர்கள் இதை முதல் படத்திலேயே விட்டொழிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். ரவீந்திர சரோவர் மெட்ரோ நிலையத்தைப் ‘பேய் நிலையம்’ என்று காட்டும் காணொளிகள் சுற்றுகின்றன. அந்தக் கதைகளுக்கு அடியில் இருப்பவை உண்மையான மனிதர்களின் தற்கொலைகள். அவர்களுடைய வீட்டார் இதே நகரத்தில் இருக்கிறார்கள், ஒருவேளை தினமும் அதே ரயிலில் போகிறார்கள். பக்கத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுக்கக்கூடாத பொருள் இது. தண்டவாளத்தில் இறங்கிப் படம்பிடிப்பதும் நடைமேடையில் அனுமதியில்லாமல் பயணிகளை மிரட்டுவதும் சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. கற்பனைப் பேய்க்குக் கற்பனை முகவரி கொடுப்பதே முறை.

அப்படியானால் எதை எடுப்பது? ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். காளி பூஜைக்கு முந்தைய இரவு வங்காளத்தில் பூத சதுர்த்தசி. பகலில் பதினான்கு வகைக் கீரை சாப்பிட்டு, அந்தியில் முன்னோர் பதினான்கு தலைமுறைக்காகப் பதினான்கு விளக்கு ஏற்றுவார்கள். நமக்கு நரக சதுர்த்தசி தீபாவளி, அவர்களுக்கு அதே திதி பேய்களின் இரவு. லேக் கார்டன்ஸ் ஃபிளாட்டில் ஒரு தமிழ்ப் பாட்டி. எதிர்வீட்டு வங்காள அம்மா கொடுத்துவிட்டுப்போன பதினான்கு அகல்களை பால்கனியில் ஏற்றுகிறார். கேமரா பாட்டியின் கையை மட்டும் பார்க்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணும் குரல். தூரத்தில் சங்கு. தெருவில் ஒரு பட்டாசு, நாய் குரைப்பு, பிறகு எல்லாம் அடங்குகிறது. பதினான்கு. பாட்டி உள்ளே திரும்புகிறார். வாசற்படியில் நின்று, பழக்கதோஷத்தில், மறுபடியும் எண்ணுகிறார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. குரல் நிற்கிறது. திரை கறுக்கிறது. இருட்டுக்குள் மெதுவாக, “பதினைந்து.”

இதற்குத் தேவை ஒரு பாட்டி, பதினைந்து அகல், இரண்டு போன். ஒன்று படத்துக்கு, மற்றொன்றைப் பாட்டியின் பக்கத்தில் மறைத்துவைத்துக் குரலைத் தனியாகப் பதிவுசெய்ய. போன் திரையில் விளக்குச் சுடரைத் தொட்டு அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டால் போன் கேமரா தானாக இருட்டைப் பிரகாசமாக்கிக் கெடுக்காது. பதினைந்தாவது விளக்கை நேராகக் காட்டலாமா வேண்டாமா என்ற விவாதத்தில் ஒரு குழு ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டைபோட்டால் அதுவே நல்ல வகுப்பு.

படமே இல்லாமல் டிரெய்லர் எடுப்பது வெறும் விளையாட்டு என்று சில பெரியவர்கள் நினைக்கலாம். சினிமா வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 2007-இல் ‘கிரைண்ட்ஹவுஸ்’ படத்துக்காக ராபர்ட் ரோட்ரிகஸ் எடுத்த பொய் டிரெய்லர் ‘மச்செட்டே’, 2010-இல் முழுப்படமாயிற்று. ‘கிரைண்ட்ஹவுஸ்’ வெளியீட்டையொட்டி நடந்த டிரெய்லர் போட்டியில் வென்ற ஜேசன் ஐஸ்னரின் ‘ஹோபோ வித் எ ஷாட்கன்’ 2011-இல் திரைக்கு வந்தது. ஸ்வீடனில் டேவிட் சாண்ட்பெர்க் தன் மனைவியை நடிக்கவைத்து வீட்டிலேயே எடுத்த ‘லைட்ஸ் அவுட்’ (2013) மூன்று நிமிடம்கூட இல்லை. விளக்கை அணைத்தால் உருவம் தெரிகிறது, போட்டால் மறைகிறது. மூன்றே ஆண்டில் அவர் அதே பெயரில் ஹாலிவுட் படம் இயக்கினார். தமிழில் ‘பீட்சா’ (2012) கார்த்திக் சுப்பராஜும் ‘டிமான்ட்டி காலனி’ (2015) அஜய் ஞானமுத்துவும் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டியில் தெரியவந்தவர்கள். இருவரும் பேயோடுதான் பெரிய திரைக்குள் நுழைந்தார்கள்.

கொல்கத்தாவின் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் பேச்சுப்போட்டியும் பாட்டுப்போட்டியும் நடத்துகின்றன. பூத சதுர்த்தசியை ஒட்டி ஒரு டிரெய்லர் போட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். வங்காளப் பிள்ளைகளையும் அழைக்கவேண்டும், நிஷியைப் பற்றி நமக்குச் சொல்ல அவர்கள் வேண்டும், மோகினியைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். விதிகள் கடுமையாக இருக்கட்டும். தொண்ணூறு நொடிக்குமேல் போகக்கூடாது. பேயின் முகம் வரக்கூடாது. இணையத்திலிருந்து எடுத்த இசை கூடாது, எல்லா ஒலியும் சொந்தத் தெருவில் பதிவுசெய்ததாக இருக்கவேண்டும். நடுவர்கள் ஒவ்வொரு டிரெய்லரையும் முதல் தடவை திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கட்டும், மதிப்பெண்ணில் பாதியை அப்போதே போட்டுவிடட்டும்.